வேக மரபணு தூரத்தைத்தான் சொல்லும்

சித்திரையில் நுவரெலியாக் குதிரைப் பந்தயம் தொடங்கினால் மட்டக்களப்பிலும் அந்தப் பேச்சு வந்துவிடும். இப்போது கூடவே ‘வேக மரபணு’ என்ற பேச்சும் வருகிறது. முடியைப் பிடுங்கி அனுப்பினால் குதிரை வெல்லுமா தோற்குமா என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. இருக்கிற பரிசோதனை, எந்தத் தூரம் அந்தக் குதிரையின் உடம்புக்குத் தோது என்று மட்டும் சொல்லும்.

மரபணுவின் பெயர் மயோஸ்டட்டின். குதிரையின் 18ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தசை அளவுமீறி வளராமல் கட்டுப்படுத்துவதே இதன் வேலை. மாடு வளர்ப்பவர்கள் இதை வேறொரு வடிவத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள். பெல்ஜியன் புளூ மாடு தசை பிதுங்கி நிற்பது இதே மரபணு பழுதானதால்தான். இறைச்சி கூடுதல், ஆனால் கன்று பெருத்துவிடுவதால் வயிற்றைக் கிழித்து எடுக்கவேண்டி வருகிறது. ஓட்டத்துக்கு வளர்க்கும் விப்பெட் நாயில், தாயிடமும் தகப்பனிடமும் இருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானால் ஓட்டம் கூடும். இரண்டும் பழுதானால் தசை உருண்டு, பந்தயத்துக்கே உதவாது.

குதிரையில் புரதம் கெடவில்லை. மரபணு எவ்வளவு வேலைசெய்யும் என்பதைக் கட்டுப்படுத்தும், அதற்கு முன்னாலுள்ள இயக்கிப் பகுதியில் 227 டி.என்.ஏ. எழுத்து நீளமான ஒரு துண்டு செருகப்பட்டிருக்கிறது. அதனால் புரதம் குறைவாக உண்டாகிறது. 2010இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எம்மலின் ஹில் குழுவினர் முதலில் காட்டியது இந்தத் துண்டை அல்ல, அதே மரபணுவுக்குள் உள்ள ஓரெழுத்து மாற்றத்தை. அதன் இரு எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள், சி, டி. பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரையில் செருகலும் சி எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன. வேறு இனங்களில் இந்தச் சேர்க்கை உடைந்திருக்கலாம். ஆகவே கலப்புக் குதிரைக்கு எழுத்தை மட்டும் பார்க்கும் பரிசோதனை போதாது. செருகலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லவேண்டும்.

இரண்டு பிரதியிலும் சி உள்ள சி/சி குதிரை 1000 முதல் 1600 மீற்றர் வரை நன்றாக ஓடும். சடுதியில் விசை கொடுக்கும் தசைநார் அதற்கு அதிகம். இரண்டு வயதிலேயே உடம்பு தேறிவிடும். டி/டி குதிரைக்கு 2000 மீற்றருக்கு மேல்தான் பலன். தசைக்குச் சக்தி தரும் இழைமணிகள் அதிகம், களைப்புத் தாமதமாக வரும். ஆனால் இரண்டு வயதுப் பந்தயங்களில் பின்தங்கிவிடும். பொறுமையில்லாத உரிமையாளர் இந்த இடத்தில்தான் நல்ல குதிரையை மலிவாக விற்றுவிடுகிறார். சி/டி நடுத்தரம், ஏறக்குறைய 1400 முதல் 2400 வரை. அவுஸ்திரேலியாவின் கோல்டன் ஸ்லிப்பர் 1200 மீற்றர். மெல்பேர்ண் கிண்ணம் 3200. ஒரே நாடுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு உடம்பைக் கேட்கும் பந்தயங்கள்.

இணைசேர்க்கும் கணக்கு பாடசாலையில் படித்த மெண்டலின் கணக்கேதான். சி/சியும் டி/டியும் சேர்ந்தால் எல்லாக் குட்டியும் சி/டி. சி/டி இரண்டு சேர்ந்தால் குட்டி சி/சியாக இருக்கக் கால்வாசி வாய்ப்பு, சி/டிக்கு அரைவாசி, டி/டிக்குக் கால்வாசி. நெடுந்தூர ஓட்டக்காரன் வேண்டுமென்று சி/சி பொலிக்குதிரைக்குப் பெரும் பணம் கட்டினால் டி/டி குட்டி ஒருபோதும் கிடைக்காது.

சரி, மூன்று சி/சி குதிரைகள் ஒரே 1200 மீற்றரில் நின்றால் எது வெல்லும்? இங்கேதான் பரிசோதனை வாய் மூடிக்கொள்ளும். ஓட்டத் திறமை நூற்றுக்கணக்கான மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. அலஸ்டயர் வில்சன், அன்ட்ரூ ராம்போ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, குதிரைகள் வாழ்நாளில் வெல்லும் பணத்தில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 10 வீதமே மரபுவழி. பொலிக்குதிரைக்கு வாங்கும் கட்டணம் அதன் மரபுத் தரத்துக்கு நல்ல அளவுகோல் அல்ல என்பதும் அவர்கள் கண்டதே. மிச்சம் தீவனம், பயிற்சி, தரை, சவாரிக்காரர், காயம். விளம்பரங்களில் இந்த 10 வீதத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

வம்சாவளித் தாளில் கவனிக்கவேண்டியது வேறு. ஒரே மூதாதை தகப்பன் பக்கமும் தாய் பக்கமும் எத்தனையாவது தலைமுறையில் வருகிறது? இரு பக்கமும் மூன்றாவது என்றால் அதனால் வரும் உள்ளினக் கலப்புக் குணகம், அதாவது உறவுக்குள்ளேயே சேர்ந்ததன் அளவு, 1/32, அதாவது 3.125 வீதம். இரு பக்கமும் இரண்டாவது என்றால் 12.5. நம்முடைய பட்டிகளில் ஒரே நாம்பனை வருடக்கணக்கில் விட்டு வைத்தால் அது தன் மகளோடேயே சேரும், அங்கே 25. கன்று சிறுப்பதும் சினை தங்காமல் போவதும் ஏன் என்று அப்புறம் கேட்பதில் பயனில்லை. பசுவுக்காவது செயற்கை முறைச் சினைப்படுத்தலால் வேறு காளையின் விந்தைக் கொண்டுவரலாம். தரோபிரெட் பதிவேடு அதை ஏற்பதில்லை. நேரடி இணைசேர்ப்பில் பிறந்த குட்டிதான் பதிவாகும்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான பரிசோதனைகள் கெடுகின்றன. கத்தரித்த முடி வேண்டாம், டி.என்.ஏ. இருப்பது வேரில். பிடரியில் நாலைந்து முடியை விரலில் சுற்றி, தோலுக்கு அருகே பிடித்து, வெடுக்கென்று இழுக்கவேண்டும். நுனியில் வெள்ளைக் குமிழ் தெரியவேண்டும். அப்படி 30 வேர்கள். குட்டியின் பிடரி முடி மெல்லியது, அறுந்துவிடும், வாலில் எடுங்கள். தூரிகையில் ஒட்டியிருக்கும் முடி பல குதிரைகளுடையதாக இருக்கலாம், தொடவே வேண்டாம். நம்முடைய ஈரக்காற்றுக்குப் பிளாஸ்டிக் பை ஆகாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்திக் கடிதஉறையில் போட்டு, குதிரையின் பெயரை உறையில் முதலே எழுதிவிடுங்கள். இரத்தம் கேட்டால் ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெபரின் டி.என்.ஏ.யைப் பெருக்கும் வேலையைத் தடுத்துவிடும். ஆய்வுகூடம் மறுபடி மாதிரி கேட்கும்.

குதிரையின் நடை வகையைச் சொல்லும் நடை மரபணு என்று இன்னொன்றையும் சேர்த்து விற்பார்கள். அது ஐஸ்லாந்துக் குதிரைக்கும் வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரைக்கும் பயன்படும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் தரோபிரெட்டுக்கு அந்தக் காசைக் கொள்ளில் போடுங்கள்.