18 வருஷம் பேசாத அப்பா

இன்னைக்கு டிசம்பர் 2. 'ஸ்டார் ட்ரெக்'ங்கிற அமெரிக்க விண்வெளித் தொடருக்குக் கதை எழுதின டி.சி. ஃபாண்டனா 2019-ல் இதே நாளில்தான் காலமானார், 80 வயசில். நேத்து ராத்திரி மயிலாப்பூர் டீக்கடையில் நாலு பேர் நின்னு ஸ்டார் ட்ரெக் பேசி, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினப்புறம்தான் கிளம்பினோம்.

திருவல்லிக்கேணியில் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தூர்தர்ஷனில் பார்த்த தொடர். இங்கிலீஷ் பாதி புரியாது, வல்கன் கிரகத்து ஸ்பாக்கின் கூர்க்காது மட்டும் புரியும்! அதில் எழுதின ஃபாண்டனா ஒரு பெண்ணுன்னு ரொம்ப நாள் தெரியாது. தொடரை உருவாக்கின ராடன்பெரியிடம் செக்ரட்டரியா இருந்து கதை எடிட்டர் ஆனவர். டொரோத்திங்கிற பேரைப் பார்த்தாலே கதையை ஓரம் கட்டிடுவாங்கன்னு வெறும் டி.சி.

1967-ல் 'ஜர்னி டு பேபல்' எபிசோடை எழுதி ஸ்பாக்குக்கு அப்பா அம்மாவைக் கொண்டுவந்தார். அப்பனும் மகனும் அப்பா-பிள்ளையா பேசி 18 வருஷம். இப்போ அப்பாவுக்கு ஆபரேஷன், மகன் ரத்தம் தரணும். விண்கப்பல் பொறுப்பை விட்டுட்டு வரமாட்டேங்கிறான். அம்மா அமாண்டா பளார்னு ஒரு அறை. அவள் வெளியே போனதும் மூடின கதவில் அவன் கையை வைக்கிறான், அவ்வளவுதான்.

எங்க வீட்டில் காலேஜ் விஷயத்தில் அப்பாவும் நானும் 2 வருஷம் பேசலை. "சாப்பிட வரச் சொல்லு"ன்னு அம்மா வழியாத்தான் சேதி வரும், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். வல்கன் கிரகமெல்லாம் சும்மா சார், அது சாட்சாத் திருவல்லிக்கேணி.

இன்னைக்கு ராத்திரி அதே எபிசோட். அப்பாவும் பார்க்கிறேன்னிருக்கார், சப்டைட்டிலைப் பெருசா வைக்கணுமாம்.