டர்பனிலிருந்து லண்டன் மாரத்தானுக்கு இடம் பிடிப்பது

அடுத்த ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓட இடம் தரும் குலுக்கல், இந்த ஆண்டுப் பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை திறந்து ஒரு வாரம் இருக்கும். 2026 பந்தயத்துக்கு 11 லட்சத்துக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். 2025இல் ஓடி முடித்தவர்களே 56,640 பேர்தான். முதல் நாள் பதிந்தாலும் கடைசி நாள் பதிந்தாலும் வாய்ப்பு ஒன்றே. ராத்திரி கண்விழிக்க வேண்டாம்.

நம்மூர் நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸை ஓடியவர் டர்பனில் தெருவுக்கு ஒருவர் உண்டு. அந்தப் பதக்கம் இந்தக் குலுக்கலில் செல்லாக்காசு. வயதுவாரியான வேக நேரத்துக்குத் தரும் இடங்களும் பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கிற டர்பன் சாட்ஸ்வர்த் ஆளுக்கும் அங்கே சலுகை இல்லை.

குலுக்கல் போக மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, அனுமதி பெற்ற பயண நிறுவனத்தின் தொகுப்பு: ஹோட்டலோடு சேர்த்து வாங்க வேண்டும், விலை கூடுதல், ஆனால் இடம் உறுதி. மற்றொன்று அறக்கட்டளை இடம். பல அமைப்புகள் 2,000 பவுண்டு அளவில் நன்கொடை திரட்டச் சொல்லும். ராண்டில் சேர்த்துப் பவுண்டில் கட்டும்போதுதான் வலி தெரியும். நம்மூர் வழக்கப்படி பிரியாணி டிக்கெட் விற்றால் எத்தனை அண்டா ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகை குறைந்தால் மீதியை யார் கட்டுவது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்து இடம் கிடைத்தாலும், சொன்ன தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

பலர் தடுக்குவது விசாவில். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டன் விசா கட்டாயம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்தபின் முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம். ஏப்ரல் கடைசி ஞாயிற்றில் பந்தயம் என்றால் ஜனவரிக் கடைசியிலேயே போட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கில் திடீரென விழுந்த பெருந்தொகை சந்தேகம் கிளப்பும். எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வையுங்கள். ஏப்ரல் 27 சுதந்திர தின விடுமுறையை ஒட்டி டிக்கெட் விலை ஏறும், அதையும் மனதில் வையுங்கள்.

பெயரைப் பதியும்போது வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம், பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துப் பிசகாமல் வேண்டும். ஓட்ட எண்ணை லண்டனின் எக்செல் கண்காட்சி அரங்கில் அடையாள அட்டை காட்டி நேரில்தான் வாங்க முடியும். உங்களுக்காக அண்ணன் போய் வாங்க முடியாது. பந்தயத்தன்று காலையிலும் தரமாட்டார்கள், ஆகவே வெள்ளிக்கிழமையே இறங்கிவிடும்படி விமானம் பாருங்கள்.