தேக்குத் தூண் நிற்கும், ஜிப்ஸி மாத் நிற்காது

மரத்தைத் தட்டிப் பார்த்தே வயது சொல்லும் ஆட்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் உண்டு. அவர்களிடம் ஒரு பழைய மர விமானத்தின் கூட்டைக் காட்டினால், “மரம் நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். மரம் நன்றாகத்தான் இருக்கும். போயிருப்பது பசை.

பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த மாத் என்ற சிறு மர விமானம் 1925 பிப்ரவரி 22இல் முதலில் பறந்தது. 1928இல் 100 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டி ஜிப்ஸி மாத் ஆனது. இறக்கை விரிப்பு 9.14 மீட்டர், காலி எடை சுமார் 420 கிலோ. உடம்புக்கு ஸ்ப்ரூஸ் என்ற லேசான மரத்தில் சட்டங்கள், மேலே மெல்லிய ப்ளைவுட். இறக்கைக்குத் துணியும், அதை இறுக்கிப் பிடிக்கப் பூசும் டோப் என்ற பூச்சும். பின்னால் வந்த டைகர் மாத்தையும் மர விமானம் என்று சேர்த்துச் சொல்வார்கள், அது பாதிதான் சரி: இறக்கை மரம், உடம்பு எஃகுக் குழாய்.

இந்த ஊருக்கு விமானம் அந்நியமில்லை. அழகப்பச் செட்டியார் லண்டன் குரோய்டனில் ஓட்டக் கற்றவர், பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர். உலகப் போர்க் கால ஓடுதளமும் செட்டிநாட்டில் உண்டு.

அந்தக் காலத்து ஒட்டு கேசீன்: பாலைத் திரித்து எடுத்த புரதத்தோடு சுண்ணாம்பு. நம்மூர்ச் சுவர்ப் பூச்சு தெரிந்தவர்களுக்குப் பங்காளி முறை. காய்ந்திருக்கும் வரை இரும்பு மாதிரி பிடிக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை நெருங்கி அங்கேயே தங்கினால் பூஞ்சைக்கு அதுவே சோறு. வீட்டுத் தூணில் பசையே கிடையாது, முழு மரம், அடியில் கல். மாத்தின் வாலைத் தாங்கும் கட்டையோ நேராகத் தரையில் உட்காரும். மண் தரைக் கொட்டகையில் நிறுத்தினால் கரையானுக்கு நாமே ஏணி வைத்த கதைதான். கட்டைக்கு அடியில் ஒரு கல்லாவது வையுங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது அடிப்புற வடிகால் துளைகள். தூசியும் டோப்பும் அடைத்த துளைக்குப் பக்கத்தில்தான் கீழ்ச் சட்டம் உளுத்துப்போகும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் ‘டக்’ என்பது ‘தொப்’ என்று மாறும் இடம் ஒட்டு விட்ட இடம். போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் உள்ளே துரு. இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் முதுகெலும்புச் சட்டமான ஸ்பாரின் முகத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், இழைக்குக் குறுக்கே மயிரிழைக் கோடு தெரியலாம். முரட்டுத்தனமாக இறக்கியதில் நசுங்கிய இழை அது. பசை ஊற்றி மூடி மறைக்கும் வேலை இதில் உதவாது, ஸ்பாரையே ஒதுக்க வேண்டும்.

பழுது பார்க்கும்போது, புதுத் துண்டை ஒட்டச் சீவும் முகத்தின் சரிவு 1க்கு 12. அதாவது 1.5 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 18 மி.மீ. சீவ வேண்டும். மரத்தின் ஈரம் 8 முதல் 12 சதவீதம். ஏரோலைட் மாதிரி செயற்கைப் பசையில் ஒரு முகத்துக்குப் பிசின், மறு முகத்துக்குக் கெட்டிப்பான். சித்திரை வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும், அதனால் விடியற்காலையில் ஒட்டுவதே புத்தி. கிளாம்பை முறுக்கும்போது விளிம்பு நெடுகப் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் வெற்றிடம். கூடவே ஒரு துண்டு மரத்தையும் ஒட்டி வைத்து மறுநாள் உளியால் பிளந்து பாருங்கள். மரம் கிழிந்தால் ஒட்டு நல்லது, பசைக் கோட்டில் பிரிந்தால் மொத்த வேலையும் மறுபடி.

வெயில்தான் மர விமானத்தைக் கொன்றது என்று பழி போடுவது சுலபம். 1944 நவம்பரில் இந்தியாவில் மாஸ்கிட்டோ என்ற மரப் போர் விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியபோதும் அந்தப் பேச்சு வந்தது. விசாரித்தால், தொழிற்சாலையிலேயே சரியாகப் பொருந்தாத மூட்டுகளும் அகப்பட்டன. ஸ்பார் நெடுக ப்ளைவுட் பட்டை ஒட்டியது அதற்கான திருத்தம்.

பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல்லின் உலோகப் பயிற்சி விமானம் எச்டி-2 1951இல் வந்தது. ஒதுக்கப்பட்ட மர விமானத்தில் எஞ்சினும் மானிகளும் விலைபோகும், கூடு அடுப்புக்குப் போகும், ப்ரொப்பெல்லர் சுவரேறும். அப்படி ஒன்று கைக்கு வந்தால் நடுத்துளையைச் சுற்றிக் குத்திய எண்களை உப்புத்தாள் போட்டு அழித்துவிடாதீர்கள். அடையாளம் அது ஒன்றுதான். மாட்டும்போது படுக்கைவாட்டில் மாட்டுங்கள். நெட்டுக்குத்தாகத் தொங்கினால் ஈரம் கீழ் இலைக்கு இறங்கி எடை தப்பிவிடும்.