செல்ஃப் எடுக்காத டிராக்டரும் எர்த் ஒயரும்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. பழைய வண்டிகள் அந்த நேரம் பார்த்துத்தான் செல்ஃப் எடுக்காமல் நிற்கும். எங்களுடையது 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், அப்பா 1996-ல் வாங்கியது. இந்தக் குறுவையில் அது செய்த தகராறை விவரமாக எழுதுகிறேன். இதே கோளாறுக்குத் தேவையில்லாமல் புது பேட்டரி வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக், காயில் எதுவும் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் எஞ்சினை வேகமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இழுத்து இழுத்துச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் டீசல் பக்கம் பாருங்கள், ஏர் லாக்காக (டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்வது) இருக்கலாம்.

எங்கள் வண்டி காலையில் ஒழுங்காக எடுக்கும். வயலில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. இந்தச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் (கியர் விழுந்திருந்தால் செல்ஃப் அடிக்க விடாதது), அல்லது அங்கே போகும் மெல்லிய ஒயர். ‘டக்டக்டக்’ என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். ஒரே ‘டக்’ என்றால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை, அல்லது உள்ளே காண்டாக்ட், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

பேட்டரிக் கடையில் “செத்துப்போச்சு தம்பி, மாத்திடுங்க” என்றார்கள். மீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. சும்மா இருக்கும்போது வரும் அளவை மட்டும் நம்பக் கூடாது, செல்ஃப் அடிக்கும்போது அளக்க வேண்டும். அப்போதும் 12-க்குக் கீழே போகவில்லை. பேட்டரி தெம்பாக இருக்கிறது, கரண்ட் வழியில் எங்கேயோ தடைபடுகிறது என்று அர்த்தம்.

கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, எஞ்சின் பற்றாமல் இருக்க ஸ்டாப் கம்பியை இழுத்துவிட்டேன். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழில்) இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தேன். தம்பி சாவியைத் திருப்பினான். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 3.4 காட்டியது. பாசிட்டிவ் பக்கம் 0.3 மட்டுமே. ஆக, கோளாறு எர்த்தில், அதாவது எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் வழியில்.

செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கிறது என்றால், ஓம்மில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். மோட்டார் சூடானால் அதற்குள்ளும் தடை கூடும். காலையில் எடுத்து மதியம் மக்கர் செய்ததற்குக் காரணம் இதுதான்.

சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் வாரி இறைக்கும் சேறு நேராக எர்த் ஒயர் முறுக்கிய இடத்தில்தான் அப்பிக்கொள்கிறது. அதனால் எங்கள் ஊர் வண்டிகளில் முதல் சந்தேகம் எர்த் மேல் வர வேண்டும் என்பேன். ஒயரைக் கழற்றிப் பார்த்தால் லக்குக்குள் (ஒயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) செம்பு பச்சை பூத்து உதிர்ந்தது. கியர்பாக்ஸில் அது உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, தடிமனான புது ஒயர் போட்டு, நெகட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கே இன்னொரு ஒயரும் கொடுத்தேன். டெர்மினலை வெந்நீரும் ஆப்பசோடாவும் விட்டுக் கழுவி, மாட்டியபின் வாசலின் தடவினேன். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இப்போது அதே அளவு 0.2.

இதற்கு நடுவே சித்தப்பா வந்து, “மீட்டரெல்லாம் எதுக்குடா, செல்ஃப்ல ஸ்குரூடிரைவர வச்சுத் தட்டு, எடுத்துரும்” என்றார். எடுக்கும்தான். ஆனால் அப்படித் தட்டினால் நியூட்ரல் சுவிட்ச் கணக்கிலேயே வராது. கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பற்றியதுமே வண்டி நகரும், தட்டியவர் பெரிய சக்கரத்துக்கு முன்னாலேயே நிற்பார். நகர்ந்து தப்பிக்க நேரம் இருக்காது. எவ்வளவு அவசர உழவாக இருந்தாலும் அதை மட்டும் செய்யாதீர்கள், வேலைக்கு வரும் பையன்களையும் செய்ய விடாதீர்கள். சித்தப்பாவிடமும் அப்படியே சொல்லி, ஸ்குரூடிரைவரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாசிட்டிவ் லக்கிலும் ஓரத்தில் பச்சை தொடங்கியிருக்கிறது. தாளடி உழவுக்கு முன் அதையும் மாற்ற வேண்டும்.