ஊசிக்கு முன்பு ஒரு மாதம்

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் என்று உறுதியானபோது என் எடை 40 கிலோ. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண்கள். குடல் காசநோயும் பெரும்பாலும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். இரண்டில் எது என்று பிரித்தறியவே பயாப்ஸி, ஸ்கேன் என்று மாதங்கள் ஓடிவிட்டன. ஸ்டீராய்டு சாப்பிட்டால் வலி அடங்கும், அளவைக் குறைத்தால் திரும்பி வரும். கடைசியில் டாக்டர் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி மருந்தை எழுதினார்.

மறுநாளே ஏற்றிவிடுவார்கள் என்று நம்பிப் போனேன். மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி, காசநோய்க் கிருமியைத் தேடக் கையில் போடும் மான்டோ, அதற்கான ரத்தப் பரிசோதனையான இக்ரா என்று பரிசோதனைகள்தான் நடந்தன. மான்டோவில் கை தடிக்கவே இல்லை; ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு அப்படி ஆவதுண்டாம். இக்ரா பாசிட்டிவ். இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனாலும் காசநோய்க் கிருமி உடம்பில் உறங்கிக் கிடக்கிறது. அதற்கான ஐசோநியாசிட் மாத்திரை தினம் 300 மில்லிகிராம், கூடவே வைட்டமின் பி6, ஆறு மாதம். அதில் ஒரு மாதம் கழிந்த பிறகே ஊசி.

அழுதுவிட்டேன். "வலி குடலில், டாக்டர். இதற்கு ஏன் காத்திருக்க வேண்டும்?"

அவர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் சிறு கிண்ணங்களைப் போட்டார். வட்டம் செல், கிண்ணங்கள் ஏற்பிகள். நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளிவிடும் புரதங்களே சைட்டோகைன்கள். அவற்றுள் ஒன்றான டி.என்.எஃப். தனக்குரிய ஏற்பியில் அமர்ந்ததும் செல்லுக்குள் அழற்சி மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. மேலும் மேலும் செல்கள் வந்து குவிகின்றன. குடல் சுவர் புண்ணாகிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் அந்த டி.என்.எஃப்பை ஏற்பியிடம் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் செல்கள் கட்டிய அரண் கலையாமல் நிற்பதற்கும் அதே டி.என்.எஃப். வேண்டும். இங்கே தடுத்தால் அங்கே காவல் போய்விடும்.

அதன் பிறகு நான் அவசரப்படுத்தவில்லை. உங்களுக்கு இந்த மருந்தை எழுதினால் காசநோய்ப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். அதை வீண் தாமதம் என்று எண்ணாதீர்கள்.

மூட்டுவாதத்துக்கு அத்தை போட்டுக்கொள்ளும் எட்டனர்செப்ட் எனக்கும் ஆகாதா என்று கேட்டேன். அது டி.என்.எஃப். ஏற்பியின் நகல் போன்ற மருந்து. பிடிப்பதும் அதே டி.என்.எஃப்பைத்தான். இருந்தும் கிரோன் நோயில் பலன் தரவில்லை என்றார். எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான்.

அந்த மாதம் கஞ்சியிலும் அம்மாவின் மடியிலும் கழிந்தது.

முதல் ஊசியன்று நர்ஸ் குளிர்ந்த குப்பியை எடுத்து, உள்ளிருந்த வெள்ளைப் பொடியில் தண்ணீரை ஓரமாக இறக்கினார். குலுக்கவில்லை; விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்றினார். குலுக்கினால் புரதம் கெட்டுவிடுமாம். நுரை அடங்கும்வரை காத்திருந்து, உப்புநீர்ப் பையில் கலந்து, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். இடையிடையே ரத்த அழுத்தம் பார்த்தார். மூச்சு முட்டுகிறதா, தோல் அரிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. குடல் அழற்சியின் அளவைக் காட்டும் மலப் பரிசோதனையான கால்புரொடெக்டின் தொடக்கத்தில் 1,100 இருந்தது, 14ஆம் வாரத்தில் 180 ஆனது. ஐந்தாவது ஊசி வந்த வாரத்தில் ஐசோநியாசிட்டும் முடிந்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் இதுவரை 100 மில்லிகிராம் குப்பிகள் இரண்டு சரியாக இருந்தன. அன்று எடை 47. அம்மா மூன்றாவது குப்பிக்குப் பணம் எடுத்து வந்தார்.