தட்டிப் பார்த்து வாங்கிய படகு

டண், டண், டண்... பிறகு ஒரு 'தொப்'.

மாமா சுத்தியலை நிறுத்தினார். "கேட்டதா மாப்பிள்ளை?"

கேட்டது.

மணப்பாட்டுக் கரையில் இன்று காலை நாங்கள் விலை பேசப் போன பழைய ஃபைபர் படகு. புதுப் பெயின்ட், அணியத்தில், அதாவது முன்முனையில், சிலுவை. கடையாலில், அதாவது பின்முனையில், என்ஜின் மாட்டும் பலகையருகே மட்டும் சத்தம் செத்திருந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றினோம். துளையிலிருந்து கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. விரலை விட்டால் ஈர மரத்தூள், புளித்த வாடை.

ஃபைபர் மட்காது. அதற்குள் வைத்து மூடிய மரம் மட்கும். அடைக்காத ஒரு போல்ட் துளை போதும்.

தாத்தா காலத்தில் கரைக்கு வந்ததும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். நோய் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் பெருகியது. அந்த வேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இது தன் நோயை உள்ளேயே வைத்துக்கொள்கிறது.

மட்கிய இடத்தின் மேலே ஒரு 'மேட்' (கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தப் பலகையை நம்பித்தானே ஒருவன் இருட்டில் கடலுக்குப் போகிறான்!

விலையைக் குறைத்து வாங்கிவிட்டேன். பலகையை மூடிய உள்பக்க ஃபைபர் தோலை அறுத்து, மட்கியதையெல்லாம் சுரண்டி, நன்றாகக் காயவிட வேண்டும். அறுத்த ஃபைபரின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், 1 செ.மீ. கனத்துக்கு 12 செ.மீ. சரிவு. அதன் பிறகுதான் புதுப் பலகையும், 'மேட்' விரிப்பும், அதை ஒட்டும் ரெசின் பிசினும்.

நாளை விடிந்ததும் அறுக்கத் தொடங்குகிறோம். ஒரு வாரமாவது மழை வராமல் இருக்க வேண்டும், மாதாவே.