தவிட்டில் ஊறிய சபா: வீட்டில் ஹெஷிகோ

மார்ச்

கியோட்டோவில் குளிர் விடுவதற்குள் ஹெஷிகோ போட்டாயிற்று. நம் கானாங்கெளுத்திக்கு உறவான சபா மீனை உப்பில் ஊறவைத்து, பிறகு அரிசித் தவிட்டில் புதைத்துக் கோடை முழுக்கப் புளிக்க விடுவதுதான் ஹெஷிகோ. ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்து வகாசா கரையின் கைப்பக்குவம் இது. அங்கே குளிர்காலம் என்றால் பனியும் மேகமும்தான். வெயிலை நம்பி மீனைக் காயவைக்க முடியாது. அந்தக் கரையிலுள்ள ஒபாமா என்ற ஊரிலிருந்து கியோட்டோ வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் சபாவைச் சுமந்துவந்த பாதைக்கே சபா கைதோ என்று பெயர்.

வகாசாவில் இப்போது சபா குறைந்துவிட்டது. அங்கேயும் நார்வே மீனில் நிறையப் போடுகிறார்கள். நானும் உறைந்த நார்வே மீனையே எடுத்தேன். கொழுப்பு அதிகம். மீனுக்குள் ஒட்டுண்ணியாக இருக்கும் அனிசாகிஸ் புழு பயமும் இல்லை: உப்பை நம்பி அதை விட முடியாது, மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்தால் செத்துவிடும். மீனை ஃபிரிட்ஜுக்குள் வைத்தே உருகவிட்டேன். சபா வெளியே கிடந்தால் ஒவ்வாமை போலப் படுத்தும் ஹிஸ்டமின் உருவாகும்; அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.

முதுகுப் பக்கம் கீறி, குடலும் செவுளும் நீக்கி, மீன் எடையில் 25 சதவீதம் உப்பு போட்டுப் பாரம் ஏற்றினேன்.

ஏப்ரல்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். உப்பு ஏற ஏற மீனிலிருந்து தேன் நிறத்தில் நீர் இறங்கி நிற்கிறது. அதைக் கீழே ஊற்றவே கூடாது. கொதிக்கவைத்து, நுரையை எடுத்து, வடிகட்டி ஆறவிட வேண்டும். தொட்டியில் ஒரு படுகை தவிடு, அதன்மேல் மீன், மீனின் வயிற்றுக்குள்ளும் தவிடு, நடுநடுவே காய்ந்த மிளகாய் என்று அடுக்கி, மூடிமேல் கல் வைத்த பிறகு அந்த நீரையே மேலே ஊற்றுகிறோம். தவிட்டுக்கு மேல் அது நின்றால் காற்று உள்ளே போகாது, பூஞ்சை பிடிக்காது. மீனிலிருந்து கரைந்து வந்த ருசியும் மீனுக்கே திரும்புகிறது. யார் முதலில் யோசித்தார்களோ, அவர்களை நினைத்தாலே மரியாதை வருகிறது.

ஆகஸ்ட்

வெளியே 35 டிகிரிக்கு மேல். இந்தச் சூடு வேண்டியதுதான். மீனின் நொதிகள் புரதத்தை உடைப்பதும், உப்பைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியா புளிப்பேற்றுவதும் இப்போதுதான் வேகம் பிடிக்கும். பச்சைத் தவிட்டு வாசனை போய், புளித்த நல்ல மணம் வருகிறது. நீர்மட்டம் இறங்கினால், எடுத்துவைத்த மிச்சத்தை ஊற்றுகிறேன்.

பக்கத்து இஷிகாவாவில் இதே வழியில் ஃபுகு எனும் பேத்தை மீனின் நச்சுள்ள சினையையே உணவாக்குகிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் உப்பில், பிறகு தவிட்டில். அனுமதி பெற்றவர்கள் மட்டும் செய்வது. வீட்டில் தொடவே கூடாது.

நவம்பர்

திறந்தேன். சதை இறுகி, செம்பழுப்பாக இருக்கிறது. தவிட்டை வழித்துவிட்டு, மெல்லிசாக நறுக்கி, சிறுதீயில் லேசாக வாட்டினேன். ஒட்டியிருக்கும் தவிடு சட்டென்று கருகிவிடும், கவனம். உப்பு முதலில் அடிக்கிறது, அதன் பின்னாலேயே கொழுப்பும் ஆழமான ருசியும் வருகின்றன. ஒரு கிண்ணம் சோற்றுக்கு இரண்டு துண்டு தாராளம். சோற்றின்மேல் வைத்துச் சூடான கிரீன் டீ ஊற்றிச் சாப்பிட்டது எனக்கு இன்னும் பிடித்தது. வாட்டாமல், முள்ளங்கி வில்லையோடு சாப்பிடுவதும் வழக்கம். அதையும் பார்த்தேன், வாட்டியதற்குத்தான் என் ஓட்டு.

பாதி மீனைத் தொட்டியிலேயே விட்டு, மறுபடி கல் ஏற்றியிருக்கிறேன். அது இன்னொரு கோடையைத் தாண்டட்டும்.